துப்பாக்கி கேட்டவனே சாட்சி சொன்ன வழக்கு

1. சேர்ந்த கதை

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்த என்னைச் சந்தேகக் கேஸில் பிடித்துக்கொண்டு போனார்கள். அதுதான் இந்த வேலைக்கு எனக்கு நடந்த நேர்முகத் தேர்வு. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லாரியில் கிளீனர், திருப்பூரில் பனியன் கம்பெனி, கேரளாவில் ரப்பர் தோட்டம், கடைசியாக ஒரு பிரியாணிக் கடையில் அண்டா கழுவுகிற வேலை என்று சுற்றி முடித்திருந்தேன். அடுத்த ஊருக்குப் போகக் கையில் காசில்லை, படுத்துவிட்டேன். 'குற்றம் செய்யும் நோக்கத்துடன் இருட்டில் பதுங்கியிருந்தான்' என்று எழுதினார்கள். நான் படுத்திருந்தது டியூப்லைட்டுக்கு நேர் கீழே.

கோர்ட் வராண்டாவில், தன் கட்சிக்காரரைத் தேடி வந்த ஒரு வக்கீல் என்னைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, எழுதப் படிக்கத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"அப்பக் கூப்பிட்டதும் உள்ள போயி 'ஒத்துக்கிறேன்'னு மட்டும் சொல்லு. ஃபைன் போடுவாங்க, நான் கட்டிர்றேன். சாயங்காலம் ஆபீசுக்கு வந்துரு. குமாஸ்தா ஓடிப் போயிட்டான், கேஸ் கட்டெல்லாம் குப்பையாக் கெடக்கு."

அவர்தான் என் சீனியர். செய்யாத குற்றத்தை ஒத்துக்கொண்டு சட்டத் துறைக்குள் வந்தவன் நான். நடுவில் சிலமுறை நானும் ஓடிப்போயிருக்கிறேன். திரும்பி வரும்போதெல்லாம் என் ஸ்டூல் காலியாகவே இருந்தது. அந்தச் சம்பளத்துக்கு வேறு யாரும் அதில் உட்காரச் சம்மதிக்கவில்லை.

தொழிலின் முதல் விதியை அன்றைக்கே கற்றுக்கொண்டேன். சின்னக் கேஸ் என்றால் 'ஒத்துக்கிறேன்'. பெரிய கேஸ் என்றால் 'பொய்'. நடந்தது என்ன என்பது இரண்டிலும் சம்பந்தப்படாத விஷயம்.

2. 'பொய்'

இந்தப் 'பொய்' பற்றிப் புதிதாக வருகிறவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

போலீஸ் தரப்புச் சாட்சிகள் எல்லோரும் பேசி முடித்ததும் மாஜிஸ்திரேட் எதிரியைக் கூப்பிடுவார். குற்றம் சாட்டப்பட்டவனுக்குக் கோர்ட் பாஷையில் 'எதிரி' என்று பெயர். யாருக்கு எதிரி என்று நான் கேட்டதில்லை. சாட்சிகள் சொன்னதை ஒவ்வொன்றாக வாசித்து, 'இதற்கு என்ன சொல்கிறீர்' என்று கேட்பார். சட்டம் மனிதனுக்குக் கொடுத்திருக்கிற அருமையான வாய்ப்பு இது. சத்தியம் கிடையாது, குறுக்கு விசாரணை கிடையாது, தன் கதையை அவன் தன் வாயால் சொல்லலாம். பழைய சட்டத்தில் இதற்கு 313 என்று நம்பர். புதுச் சட்டத்தில் நம்பரை மாற்றிவிட்டார்கள். பதிலை யாரும் மாற்றவில்லை.

பதில் 'பொய்'. எல்லாக் கேள்விக்கும் அதுதான். வாய்தாவுக்கு முன்னால் வராண்டாவில் வைத்துக் குமாஸ்தாக்கள் சொல்லிக் கொடுப்பார்கள்: "என்ன கேட்டாலும் பொய்னு சொல்லு. வேற வாயத் தொறக்காத." எதிரியும் திறக்க மாட்டான்.

எரியோட்டுச் சவரிமுத்துவும் திறக்கவில்லை. அவருடைய கேஸை முதல் கோர்ட்டில் நடத்தியவர் வேறொரு வக்கீல். அந்த ஆபீஸிலும் இதே பாடம்தான். 'எதிரி எரியோட்டில் குடியிருப்பதாக வி.ஏ.ஓ. சொல்கிறாரே?' என்று மாஜிஸ்திரேட் கேட்டார். பாடத்தை ஒழுங்காகப் படித்த சவரிமுத்து, "பொய்" என்றார்.

'உமது சாக்குப் பையில் நாட்டுத் துப்பாக்கி இருந்ததாகச் சொல்கிறார்களே?'

"பொய்."

மூன்று வருஷம் போட்டார்கள்.

3. கருவாடு

மேல்கோர்ட்டில் அப்பீல் போட்டுத் தண்டனையை நிறுத்தி வைத்த பிறகு, ஒரு நாள் காலை அவரும் அவர் சம்சாரம் செல்வமும் எங்கள் ஆபீசுக்கு வந்தார்கள். சவரிமுத்துவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. முருங்கையும் மக்காச்சோளமும் போடுகிற மனிதர். உட்காரச் சொன்னால் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார். பேசியதெல்லாம் செல்வம்தான்.

"ஐயா, இந்த மனுசனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. பொய்யின்னு மட்டும் சொல்லிட்டு வந்து நிக்கிது. மூணு வருசம் உள்ள போனா முருங்கை சுள்ளியாப் போயிரும். அம்புட்டு வேலைய நான் ஒருத்தியாப் பாக்க முடியாது. எப்பிடியாச்சும் வெளிய வைங்க."

சீனியர் கட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார். "சரி, இப்ப என்கிட்ட நடந்ததச் சொல்லுங்க. துப்பாக்கி இருந்துச்சா?"

சவரிமுத்து பழக்க தோஷத்தில், "பொய்" என்றார்.

"யோவ், இது கோர்ட் இல்ல."

"இருந்துச்சுங்கய்யா," என்றார் தலையைக் குனிந்து.

அதற்குப் பிறகு கதை வந்தது. தங்கராசு என்று ஒரு கூட்டாளி. ஒரு கோடையில் சவரிமுத்துவின் கிணற்று மோட்டார் எரிந்து பயிர் காய்ந்தபோது, தன் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு வந்து மாட்டிக் கொடுத்தவன். அவனுக்கு மணல் அள்ளிய கேஸ் ஒன்று ஸ்டேஷனில் நிலுவையில் இருந்தது. அந்தக் கேஸ் ஏன் நகரவே இல்லை என்று சவரிமுத்துவுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

கொஞ்ச காலமாகத் தங்கராசு ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தான். "மாப்ள, மச்சினன் காட்டுல கடலை போட்டிருக்கான். பன்னி வந்து தோண்டிப் போட்டுட்டுப் போயிருது. உங்க சித்தப்பா வீட்ல ஒரு நாட்டுத் துப்பாக்கி கெடந்துச்சுல்ல?"

கிடந்தது உண்மைதான். செத்துப்போன சித்தப்பாவின் பரணில், குழாய்க்குள் குளவி கூடு கட்டிக்கொண்டு கிடந்தது. முதலில் மாட்டேன் என்றார். மறுபடி கேட்டான். அதுக்கு லைசென்ஸ் இல்லையே என்றார். "பன்னிகிட்ட லைசென்ஸ் காட்டணுமாக்கும்?" என்றான். கடைசியில் ஒரு காலையில் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். தங்கராசு வரச் சொன்ன இடம் மெயின் ரோட்டு டீக்கடை. போகிற வழியில் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனுக்குக் கொடுக்க வேண்டிய ஆதார் ஜெராக்ஸையும் அதே சாக்கில் போட்டுக்கொண்டார். சட்டவிரோத ஆயுதத்தோடு அடையாளச் சான்றையும் இணைத்துக் கொண்டுபோன ஆள் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

டீக்கடையில் தங்கராசு டீ சொன்னான், உளுந்து வடை வாங்கிக் கொடுத்தான். வடை பாதியில் போலீஸ் ஜீப் வந்தது. 'ரகசியத் தகவலின் பேரில் ரோந்து சென்றபோது' என்று எஃப்.ஐ.ஆர். சொல்கிறது. பறிமுதல் செய்தால் அந்த இடத்திலேயே மகஜர் எழுதி, அங்கே தற்செயலாக நிற்கிற இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஒருவர் வி.ஏ.ஓ. 'அங்கே தற்செயலாக டீ குடித்துக்கொண்டிருந்த' இரண்டாம் சாட்சி, தங்கராசு.

குளவிக் கூட்டோடு போன துப்பாக்கியை நிபுணர் பரிசோதித்து, 'சுத்தம் செய்த பின் சுடும் நிலையில் உள்ளது' என்று ரிப்போர்ட் கொடுத்தார். சவரிமுத்து சில வாரம் கிளைச் சிறையில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார்.

"இத ஏன்யா முதல் வக்கீல்கிட்டச் சொல்லல?" என்றார் சீனியர்.

"அவரு கேக்கலைங்கய்யா. தங்கராசு சாட்சி சொல்ல வந்தன்னைக்கு நம்ம வக்கீலு அவங்கிட்ட, 'நீர் அன்னைக்கு டீக்கடையிலயே இல்ல'ன்னாரு. அவன், 'நான் அங்க இல்லைன்னு சொன்னா அது சரியல்ல'ன்னான். நான் கூண்டுல இருந்து மெதுவா, 'சார், அவன் இருந்தான் சார், அவந்தானே வடை வாங்கிக் குடுத்தான்'னேன். 'பேசாம நில்லுய்யா'ன்னுட்டாரு."

முதல் வக்கீல் மேல் தப்பில்லை. போலீஸ் சாட்சி யாராக இருந்தாலும் 'நீர் அங்கே இல்லை' என்று கேட்பது வழக்கம். வழக்கப்படி கேட்டார். தங்கராசு அந்த இடத்தில் இருந்ததுதான் சவரிமுத்துவைக் காப்பாற்றக்கூடிய ஒரே விஷயம் என்பது வழக்கத்துக்குத் தெரியாது.

சீனியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுக்கு வெளிநாட்டுல பேரு இருக்குப்பா. என்ட்ராப்மென்ட். தப்புப் பண்ற எண்ணமே இல்லாதவனப் போலீசே ஆள் விட்டுப் பண்ண வச்சுப் பிடிச்சா, அமெரிக்காவுல கேஸே நிக்காது."

"அப்ப விட்ருவாங்களா?" என்றார் செல்வம்.

"அமெரிக்காவுல விட்ருவாங்க."

செல்வத்துக்குப் புரிந்துவிட்டது. நான் அப்புறம் தனியாகக் கேட்டபோது சீனியர் விளக்கினார்: "நம்ம சட்டத்துல அப்படி ஒரு தப்பிக்கிற வழியே எழுதி வைக்கல. பொறியில கருவாடு வச்சுப் பிடிச்சாங்கன்னு சொன்னா, எலி எதுக்கு உள்ள போச்சுன்னு கேப்பாங்க. அதோட, அதச் சொல்லணும்னா துப்பாக்கி இவர்கிட்ட இருந்துச்சுன்னு மொதல்ல ஒத்துக்கணும். இவரு கீழ்க்கோர்ட்டுல எரியோட்டையே ஒத்துக்கலையே."

4. அப்பீல்

மேல்கோர்ட்டில் ஜட்ஜ் ஒரு அம்மா. குரலை உயர்த்த மாட்டார். உயர்த்தாமலே வக்கீல்களுக்கு வேர்க்க வைப்பார்.

அப்பீலில் புதிதாகச் சாட்சி விசாரிப்பது சாதாரணமாகக் கிடையாது. கீழே எழுதியதை வைத்துத்தான் பேச வேண்டும். சீனியர் முதலில் அதே பழைய பாட்டைத் தொடங்கினார். துப்பாக்கியைப் போலீஸே வைத்துவிட்டது.

"சாக்குல இருந்த ஆதார் ஜெராக்ஸையும் போலீஸே வச்சாங்களா சார்?"

சீனியர் இருமினார். இருமல் முடிந்ததும் அடுத்த வாதத்துக்குப் போனார். ஒருவேளை துப்பாக்கி இருந்தது என்றே வைத்துக்கொண்டாலும், அதைக் கொண்டுவரச் சொன்னதே போலீஸின் ஆள். அந்த ஆள்தான் இரண்டாம் சாட்சி தங்கராசு என்றார். ஒரு வெளிநாட்டுத் தீர்ப்பையும் எடுத்து நீட்டினார். அதை இன்டர்நெட்டிலிருந்து பிரிண்ட் எடுத்து வந்தவன் நான். எங்கள் ஆபீஸ் பிரிண்டரில் மை தீர்ந்துகொண்டிருந்ததால் கடைசிப் பக்கங்கள் அமெரிக்காவைப் போலவே மங்கலாகத் தெரிந்தன.

அரசு வக்கீல் எழுந்தார். "மேடம், அப்பெல்லன்ட் 313-ல துப்பாக்கிய நான் பாத்ததே இல்லைங்கிறாரு. குறுக்கு விசாரணையில அந்தச் சாட்சி ஸ்பாட்லயே இல்லைங்கிறாங்க. இப்போ அதே சாட்சிதான் கொண்டாரச் சொன்னாருங்கிறாங்க. ஸ்பாட்ல இல்லாத ஆளு எப்படிப் பொறி வைப்பாரு?"

கோர்ட்டில் சிரிப்பு வந்தது. சீனியரும் சிரித்தார், தொழில் தர்மம்.

"ரெண்டுல எது சார் உங்க கேஸ்?" என்றார் ஜட்ஜ். "துப்பாக்கி இல்லவே இல்லையா? இருந்துச்சு, ஆனா கேட்டாங்களா?"

"ரெண்டும்தான் மேடம். ஒண்ணு நிக்காட்டி இன்னொண்ணு."

"எரியோட்டுல குடியிருக்கிறதும் பொய்ங்கிறாரே, அது மூணாவதா?"

தீர்ப்புக்கு ஒரு தேதி கொடுத்தார்.

5. தண்டனை பற்றி

அந்தத் தேதியில் செல்வம் ஒரு துணிப்பையோடு வந்திருந்தார். உள்ளே லுங்கி, துண்டு, பல்பொடி. சவரிமுத்து நேராக ஜெயிலுக்குப் போவதாக இருந்தால் கொடுத்துவிடுவதற்கு. வராண்டாவில் உட்கார்ந்து அந்தப் பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தார்.

நான் சவரிமுத்துவுக்குப் பாடம் எடுத்தேன். இதற்கும் பாடம் உண்டு. குற்றவாளி என்று முடிவான பிறகு, தண்டனை பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்பார்கள். "வயசாச்சு, குடும்பம் இருக்கு, முதல் தப்பு, கருணை காட்டுங்க. அம்புட்டுதான். வேற வாயத் தொறக்காதீங்க."

"சரிண்ணே." என்னைவிடப் பெரியவர், என்னை அண்ணே என்பார். கோர்ட் வளாகத்தில் குமாஸ்தா எல்லோருக்கும் அண்ணன்.

உள்ளே கூப்பிட்டார்கள். "குற்றவாளின்னு கீழ்க்கோர்ட் சொன்னதுல நான் தலையிடப் போறதில்ல," என்றார் ஜட்ஜ். செல்வம் என் பக்கத்தில் நின்றிருந்தார். பையை மார்போடு அணைத்துக்கொண்டார். "தண்டனை பத்தி ஏதாச்சும் சொல்லணுமாய்யா?"

சவரிமுத்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் பின்னாலிருந்து 'வயசாச்சு' என்று உதட்டை அசைத்தேன்.

"அம்மா, துப்பாக்கி நான் கொண்டாந்ததுதாம்மா."

சீனியர் கையிலிருந்த பேனாவை மேஜையில் வைத்தார். அரசு வக்கீல் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது.

"ஆனா கீழ்க்கோர்ட்டுல எங்க வக்கீலு தங்கராசு அங்க இல்லவே இல்லைன்னாரு. அது தப்பும்மா. அவன் இருந்தான். அவந்தான் எனக்கு வடை வாங்கிக் குடுத்தான். பாதி வடையிலதான் போலீஸ் வந்துச்சு."

ஜட்ஜ் நிமிர்ந்தார். "எந்தத் தங்கராசு? ரெண்டாம் சாட்சியா?"

"ஆமாம்மா."

"அவர் எதுக்கு உங்களுக்கு வடை வாங்கித் தரணும்?"

"துப்பாக்கி கொண்டாந்ததுக்கும்மா. கேட்டதே அவந்தானே."

"யாராச்சும் கேட்டா எடுத்துட்டு வந்து குடுத்துருவீங்களா?"

"வேற ஆளு கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேம்மா. எங்க கெணத்துல இன்னைக்கும் அவன் மோட்டார்தான் ஓடுது. அம்புட்டு உதவி செஞ்சவன், பன்னி வருதுன்னான். நான் பன்னி வருதுன்னுதான் நெனச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஜட்ஜ் கட்டைத் திருப்பி, மகஜரில் அந்தப் பெயரையும் ஊரையும் பார்த்தார். பிறகு அரசு வக்கீல் பக்கம் திரும்பினார்.

"சார், போன மாசம் ஒரு கஞ்சா அப்பீல் கேட்டோமே. அதுல பஸ் ஸ்டாண்டுல தற்செயலா டீ குடிச்சிட்டிருந்த சாட்சி பேரு என்ன?"

அரசு வக்கீல் யோசிப்பதுபோல யோசித்தார். "தங்கராசு மேடம். ஆனா அது வேற…"

"அப்பா பேரும் ஊரும் அதேதான். எனக்கு ஞாபகமிருக்கு. உங்க போலீஸ் எங்க ஜீப்ப நிறுத்தினாலும் அங்க இவர் டீ குடிச்சிட்டிருக்காரு. உடம்புக்கு நல்லதில்ல, சொல்லி வைங்க."

அரசு வக்கீல் உட்கார்ந்துவிட்டார். சீனியர் எழுந்தார். வெளிநாட்டுத் தீர்ப்பைத் தொடவில்லை. சட்டம் இந்தக் குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனை ஒன்று வைத்திருக்கிறது, சிறப்புக் காரணத்தை எழுதினால் அதற்குக் கீழேயும் போகலாம், காரணம் இப்போது கோர்ட்டின் முன்னாலேயே நிற்கிறது என்றார். நான் பார்த்தவரையில் அவர் பேசியதிலேயே குறுகிய வாதம் அது.

மதியத்துக்கு மேல் தீர்ப்பை வாசித்தார்கள். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வைத்திருந்தது குற்றமே. போலீஸ் தரப்பு ஆள் கேட்டான் என்பதால் குற்றம் குற்றமில்லாமல் போகாது. ஆனால் அந்த எண்ணம் எதிரிக்குத் தானாக வந்ததாகத் தெரியவில்லை. அதைச் சிறப்புக் காரணமாக எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே சிறையில் இருந்த நாட்களையே தண்டனையாகக் குறைக்கிறேன். அபராதம் அப்படியே இருக்கும்.

சவரிமுத்துவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அண்ணே, ஜெயிலா?" என்றார்.

"வீட்டுக்குப் போங்க."

செல்வம் பையைத் திறந்து, அந்தத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

6. மோட்டார்

வெளியே வேப்பமரத்தடியில் தங்கராசு நின்றுகொண்டிருந்தான். எங்கள் கேஸுக்கு வரவில்லை. வேறு ஏதோ கேஸில் சாட்சி சம்மன். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் பேனா. உத்தியோகஸ்தன் மாதிரிதான் இருந்தான். எங்களைப் பார்த்ததும் ஓடி ஒளிவான் என்று நினைத்தேன். வேகமாக வந்தான்.

"மாப்ள! முடிஞ்சிருச்சாமே? நல்லதாப் போச்சு. எனக்கு மனசே கேக்கல. வா, ஒரு டீ அடிப்போம்."

சவரிமுத்து நிஜமாகவே ஒரு அடி எடுத்து வைத்தார். பழக்க தோஷம். செல்வம் அவர் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தார்.

"ஏலே தங்கராசு, நாளைக்குக் காலையில வந்து உன் மோட்டாரக் கழட்டிக்கிட்டுப் போ."

"என்ன தங்கச்சி இப்பிடிப் பேசுறீங்க? தண்ணிக்கு என்ன பண்ணுவீங்க?"

"கொடத்துல ஊத்துவேன். நீ கழட்டுறியா, நான் கெணத்துக்குள்ள போடவா?"

மறுநாள் வந்து கழற்றிக்கொண்டு போனானாம். அந்தக் கோடையில் மக்காச்சோளம் போனது, முருங்கை நின்றது. நான் விசாரித்தபோது செல்வம், "போனாப் போகுது, ஆளு இருக்குல்ல" என்றார்.

கிளம்புவதற்கு முன் சவரிமுத்து என்னிடம் ஒன்று கேட்டார். "அண்ணே, இதயே மொதக் கோர்ட்டுல சொல்லியிருந்தா, மொதல்லயே விட்டிருப்பாங்களா?"

நான் யோசித்துப் பார்த்தேன். முதல் கோர்ட்டில் சொல்லியிருந்தால், 'எதிரியே ஒப்புக்கொண்டார்' என்று ஒரு வரியில் முடித்திருப்பார்கள். சொல்லாததால் மூன்று வருஷம் போட்டார்கள். சொல்லியும் பலனில்லை, சொல்லாமலும் பலனில்லை. குற்றவாளி என்று முடிவு செய்த பிறகு, தண்டனையை எழுதுவதற்கு முன்னால், ஒரு சின்ன இடைவெளி கிடைக்கிறது. உண்மைக்கு நம் கோர்ட்டில் ஒதுக்கியிருக்கிற இடம் அவ்வளவுதான். அதையும் 'வயசாச்சு, குடும்பம் இருக்கு' என்று நிரப்பிவிடுவதற்கு என்னைப் போன்ற ஆட்கள் சம்பளம் வாங்குகிறோம். இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பிகளுக்கு: 'பொய்' என்று சொல்லிக் கொடுப்பதை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. நானும் விடவில்லை, வயிறு இருக்கிறது. ஆனால் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால், எது பொய் என்று அந்த மனிதனிடம் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். துப்பாக்கிக் கேஸ், கஞ்சாக் கேஸ் என்று யார் வந்தாலும் நான் இப்போதெல்லாம் பொருள் இருந்ததா, இல்லையா என்று தொடங்குவதில்லை. முதல் கேள்வி வேறு.

"வடை யார் வாங்கிக் குடுத்தது?"